உழைப்பதற்கு ஒரு நாடு, உரிமைக்கு வேறு நாடா?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் வாசிப்புக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நமக்கு மிஞ்சுகிறது. துணி துவைக்கவும், ஊருக்குப் பேசவும், கொஞ்சம் கண்ணயரவும் இருக்கிற அந்த ஒரு நாளில் இரண்டு மணி நேரத்தை இங்கே கொடுத்திருக்கிறீர்கள். அதற்குத் தகுந்த விஷயத்தைப் பேச வேண்டும் என்பதுதான் எங்கள் குழுவின் கவலை.

சென்ற கூட்டத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "நாப்பது வருசமா இந்த மும்பையிலே பாத்திரம் கழுவி, மூணு பிள்ளைகளை வளர்த்தாச்சு. கணக்கெடுக்க வர்றவங்க இன்னமும், நீ எப்ப வந்தே, எங்கேயிருந்து வந்தேன்னு கேக்கிறாங்க. நாம எந்த ஊருதான்யா?" என்று கேட்டார். அன்று நம்மில் யாரிடமும் பதில் இல்லை. சிரித்துச் சமாளித்துவிட்டுக் கலைந்தோம். ஆனால் அந்தக் கேள்வி எங்கள் குழுவை விடவில்லை. ஒரு மாதம் படித்தோம், பேசினோம். படிக்கப் படிக்கத் தெரிந்தது, இது தாராவியில் பிறந்த கேள்வி இல்லை என்பது. வெள்ளைக்காரன் ஆட்சியில் கூலிக்கு ஆள் கொண்டுபோன இடங்களிலெல்லாம் பின்னால் இதே கேள்வி எழுந்திருக்கிறது. ஓரிடத்தில் அது சட்டமாகவே ஆகி, லட்சக்கணக்கான நம் ஜனங்களை நாடற்றவர்களாக்கியது. இலங்கை மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் அந்தக் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம். நம்மில் திருநெல்வேலி, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் பலர். 'சிலோனுக்குப் போன தாத்தா' என்று ஒருவரை நம் வீடுகளிலேயே சொல்லக் கேட்டிருப்போம்.

காடு தோட்டமான கதை

1815-ல் கண்டி ராஜ்யம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1820களில் தொடங்கிய காப்பிப் பயிர் 1830களில் வேகம் பிடித்தது. காப்பிக்கு நிலம் வேண்டும். அந்த மலைகள் சும்மா கிடந்தவை அல்ல. கீழே வயல் வைத்திருந்த சிங்கள விவசாயி, மேலேயுள்ள காட்டில் மாடு மேய்த்தார், விறகு எடுத்தார், சேனைப் பயிர் செய்தார். அது ஊர்ப் பொது. பத்திரம் கிடையாது. 1840-ல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. உரிமையைக் காகிதத்தில் நிரூபிக்க முடியாத நிலம் மகாராணிக்குச் சொந்தம் என்பது அதன் சாரம். அப்படி எடுத்த நிலம் ஏக்கர் 5 ஷில்லிங் என்று துரைமார்களுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள். காகிதம் இல்லை என்று சொல்லி நிலத்தைப் பறித்தது முதலில் சிங்கள விவசாயியிடமிருந்து. அதே தந்திரம் பின்னால் தமிழ்த் தொழிலாளி மேல் வரப் போகிறது.

அந்த விவசாயி தன் வயலை விட்டுவிட்டுத் துரை தருகிற கூலிக்கு வர விரும்பவில்லை. 1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்திருந்தது. ஆகவே மலிவான ஆள் வேறெங்கிருந்தாவது வர வேண்டும். பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் நம் ஜனங்கள் இருந்தார்கள். நிலம் இல்லாதவர்கள், வட்டிக் கடனில் இருந்தவர்கள், ஊரில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள். வானம் பொய்த்த வருஷங்களில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை அழித்த தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார்கள் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தோணியில் மன்னார்க் கரைக்குப் போய் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். தண்ணீர் இல்லாத வழி. காலராவும் மலேரியாவும் வழிநெடுக ஆட்களை விழுங்கின. செத்தவரைப் புதைக்க நின்றால் கூட்டம் போய்விடும். விழுந்தவர் விழுந்த இடத்திலேயே கிடந்தார்.

கங்காணியும் துண்டும்

அழைத்துப் போனவர் கங்காணி. அவரும் நம் ஊர்க்காரர், நம் பாஷை பேசுகிறவர். முன்பணம் கொடுத்தார், படகுக் கூலி கொடுத்தார், சோறு போட்டார். எல்லாம் கணக்கில் ஏறியது. தோட்டத்தில் அவரே மேற்பார்வை, அவரே கடைக்காரர், தொழிலாளியின் பேரில் துரையிடம் தலைக்கணக்கில் காசு வாங்குகிறவரும் அவரே. பெரும்பாலான தொழிலாளர் தாழ்த்தப்பட்ட சாதியினர். பெரிய கங்காணிகளோ மேல்சாதியார். ஊர்ச் சாதி கடல் தாண்டியும் லயன் வரிசையில் தனித்தனியாகக் குடியேறியது.

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன் என்று எழுதியிருக்கும். அந்தக் கடனை ஏற்றுக்கொள்கிற தோட்டம்தான் அவரை எடுக்கும். ஆள் மாறினாலும் கடன் கூடவே போகும். 1921-ல்தான் இந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

இங்கே கட்டட வேலைக்கு ஆள் பிடிக்கிற முகாதமைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளுக்குக் கொங்கணத்திலிருந்து ஆள் சேர்த்த ஜாபரும் இதே ஜாதகக்காரர்தான். முதலாளி எப்போதும் தூரத்தில் இருப்பார். கண்ணுக்குத் தெரிகிறவர் நம் ஊர்க்காரராகவே இருப்பார்.

தேயிலை ஒரு சமூகத்தை உண்டாக்கியது

1869-ல் காப்பியில் இலைநோய் கண்டது. அடுத்த 20 ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் பாழாயின. அவற்றின் இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துரையில் 1867-லேயே 19 ஏக்கரில் அதைப் பயிரிட்டுக் காட்டியிருந்தார்.

பயிர் மாறியதில் மனிதர் வாழ்வும் மாறியது. காப்பி பறிப்புக்குச் சில மாதம் போதும். அறுவடை முடிந்ததும் நம்மவர் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலையில் வருஷம் முழுவதும் வாரம் தவறாமல் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குக் குடும்பமாக ஆள் வேண்டும், முக்கியமாகப் பெண்கள் வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் போனார்கள், லயன்களில் நிரந்தரமாகத் தங்கினார்கள். அவர்களைத் தங்க வைத்தது தோட்ட நிர்வாகத்தின் தேவை என்பதைப் பின்னால் அரசியல்வாதிகள் வசதியாக மறந்தார்கள்.

அந்த லயன்களில் புதியதொரு தமிழ் வாழ்க்கை உருவாயிற்று. விடியுமுன் தப்பு முழங்க, ஆட்கள் 'பெரட்டு'க்குப் போய் நிற்பார்கள். பேர் கூப்பிடுகிற இங்கிலீஷ் பரேடு அவர்கள் வாயில் பெரட்டாயிற்று. செடி வெட்டுவது கவ்வாத்து. தோட்டந்தோறும் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. மாசி மாதத்தில் காமன் கூத்தை இரவிரவாக ஆடினார்கள். ஊரிலிருந்து கொண்டுபோன கூத்து அங்கே மலைக்கேற்ப மாறி அவர்களுடையதாகவே ஆகிவிட்டது. ஆகவேதான் அவர்கள் தங்களை இந்தியத் தமிழர் என்று சொல்வதைக் குறைத்து, மலையகத் தமிழர் என்று சொல்லத் தொடங்கினார்கள். பெயரிலேயே மலையைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சங்கமும் அங்கே பிறந்தது. தஞ்சைப் பக்கத்திலிருந்து போன கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் போய்த் தொழிலாளரைச் சந்தித்ததாகச் சொல்வார்கள். 1931-ல் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் மேடைகளில் தொழிலாளர் பாட்டுக்களை எழுதிப் பாடினார். 1939-ல் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் தியாகியாக அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

வாக்கு வந்தது, வாக்குப் போயிற்று

1931-ல் இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமை கிடைத்தது. இந்தியாவுக்கு 20 ஆண்டுகள் முந்தி. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் அந்த வாக்கைப் பயன்படுத்தினார்கள். 95 இடங்களில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. வேறு பல தொகுதிகளில் அவர்கள் வாக்கு இடதுசாரிகளை வெல்ல வைத்தது.

ஆள வந்தவர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. 1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம் வந்தது. அதே ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். லயன் அறையில் பிறந்த தகப்பனுக்குச் சான்றிதழ் எங்கே இருக்கும்?

1949-ல் இன்னொரு சட்டம். இத்தனை ஆண்டு விடாமல் வசித்தேன் என்று நிரூபித்தால் பதிவு செய்துகொள்ளலாம். விண்ணப்பித்தவர்களை அதிகாரிகள் குறுக்கு விசாரணை செய்தார்கள். செத்த வீட்டுக்காக ஊருக்குப் போய் வந்ததும், தாய்க்குப் பணம் அனுப்பியதும் அவர்களுக்கு எதிரான சாட்சியாயின. நமக்கு இது எப்படி உறைக்கிறது பாருங்கள். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம், கொடைக்கு ஊருக்குப் போகிறோம். அதுவே நாம் இந்த ஊர்க்காரர் இல்லை என்பதற்குச் சாட்சி என்றால்?

காங்கிரஸ் தலைமையும் ஒரு பிழை செய்தது. அநியாயச் சட்டம் என்று சொல்லி முதலில் விண்ணப்பிக்காமல் புறக்கணித்தது. பிறகு மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னபோது காலம் குறுகிவிட்டது. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயர்கள் போய்விட்டதால் 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளருக்குப் பாராளுமன்றத்தில் ஒரு பிரதிநிதியும் இல்லை. அந்த ஆண்டு நடத்திய சத்தியாக்கிரகமும் அதை மீட்டுத் தரவில்லை.

அன்று யார் எங்கே நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கள இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் இச்சட்டத்தை எதிர்த்தார்கள். வடக்கின் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948-ல் எதிர்த்தவர். அமைச்சரான பின் 1949 சட்டத்தை ஆதரித்தார். அவரைவிட்டுப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பாஷை ஒன்றானால் எல்லாரும் நம் பக்கம் நிற்பார்கள் என்பதும் பொய், பாஷை வேறானால் எல்லாரும் எதிரி என்பதும் பொய்.

நிலத்தை இழந்த கண்டி விவசாயிக்குத் தன் ஊர்க் காட்டில் தமிழன் குடியிருப்பதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. நிலத்தை வாங்கிய கம்பெனி லண்டனில் இருந்தது. பறிகொடுத்தவரும் ஏமாற்றி அழைத்து வரப்பட்டவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கறுவினார்கள். தேயிலையின் லாபமோ கப்பலேறிப் போய்க்கொண்டே இருந்தது.

தலைகளைப் பங்கிட்டார்கள்

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியைப் பாதி பாதியாக, 75,000 என்று பிரித்தார்கள். ஆடு மாடு பங்கிடுவதில்கூட ஆட்டுக்காரன் பக்கத்தில் நிற்பான். அந்தப் பேச்சுவார்த்தையில் தொழிலாளர் பக்கத்தில் கேட்டவர் யாரும் இல்லை.

இலங்கையில் பிறந்து, இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர்கள் தாயகம் 'திரும்பினார்கள்'. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வீடுகள் பிளந்தன. மலைநாட்டு ரயில் நிலையங்களில் ஒப்பாரி வைத்து அழுத காட்சியை வந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாம் வழியாகத்தான் அவர்கள் பாட்டன்மார் போயிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் அதே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிறந்த குழந்தைகளையும் சேர்த்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

வந்தவர்களுக்காக நீலகிரியில் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுவே பின்னால் டான்டீ ஆயிற்று. எல்லாருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. வியாபாரக் கடன் என்று கொஞ்சம் பணம் கொடுத்து வறண்ட ஊர்களுக்கு அனுப்பினார்கள். கொழுந்து கிள்ளத் தெரிந்தவர்களுக்குக் கடை வைக்கத் தெரியவில்லை. பணத்தைப் பறிகொடுத்து, கடைசியில் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் கூலிக்கு ஏறினார்கள். கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. அங்கே அவர்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே, தமிழ்நாட்டிலே, சிலோன்காரன் என்றார்கள். சொல்வதற்கு நமக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

அங்கே தங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1977, 1981, 1983 கலவரங்கள் தோட்டங்களையும் தாக்கின. உயிருக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் 2009 வரை யுத்தத்தின் நடுவில் கிடந்தார்கள். 1983-க்குப் பின் அகதிகளாக இங்கே வந்தவர்களில் மலையகத்தாரும் ஆயிரக்கணக்கில் உண்டு. 2019-ல் இந்தியா குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அதில் சொன்ன நாடுகள் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றே. இலங்கை அதில் இல்லை.

மீட்டது எப்படி?

இவ்வளவுக்கும் பின்னால் அந்த மக்கள் உரிமையை மீட்டார்கள். 1986 ஜனவரியில் தோட்டங்களில் பிரார்த்தனை இயக்கம் நடந்தது. காலையில் வேலைக்குப் போகாமல் கோயில்களில் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். கொழுந்து செடியிலேயே முற்றியது. பிரார்த்தனையை எந்தப் போலீஸ் சுடும்? அந்த ஆண்டிலும் 1988-லும் நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டங்கள் வந்தன. மிச்சமிருந்தவர்களுக்கு 2003-ல் பாராளுமன்றம் சட்டம் செய்தது. 1948-லிருந்து எண்ணிப் பாருங்கள், 55 ஆண்டுகள். 2023-ல் முன்னோர் வந்த 200 ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தார்கள். இன்றும் பலருக்கு லயன் அறைதான் வீடு, சொந்த நிலம் இல்லை. வாக்கு மட்டும் கையில் இருக்கிறது. அதை வைத்து மற்றதைக் கேட்கிறார்கள்.

நமக்கு என்ன?

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

தாராவி சதுப்பு நிலம். கோலி மீனவர் வாழ்ந்த இடம். தோல் பதனிட வந்த நம்மவரும், மண்பாண்டம் செய்ய வந்த குஜராத்திகளும், இன்னும் பல ஊர்க்காரர்களும் அதை மேடாக்கிக் குடியிருந்தார்கள். அன்று யாரும் அதைக் கேட்கவில்லை. இன்று அந்த மண் பொன்னாகிவிட்டதால், 2000 ஜனவரி 1-க்கு முன்னால் வந்தாயா, தரைத்தளமா மேல்தளமா, சான்று எங்கே என்று கேட்கிறார்கள். உழைத்து உண்டாக்கிய ஊர் நம் ஊர்தான், அம்மா. அதை நெஞ்சு நிமிர்ந்து சொல்லலாம். ஆனால் சொன்னால் போதாது. மலையகம் நமக்குக் கற்றுத் தருவது மூன்று.

முதலாவது, காகிதத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ரேஷன் கார்டு, போட்டோ பாஸ், பழைய மின்சார பில், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வாக்காளர் பட்டியலில் பெயர் எல்லாவற்றையும் சரிபாருங்கள். பெண்கள் பேரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் அநியாயம் என்றால் எதிர்ப்போம். எதிர்த்துக்கொண்டே விண்ணப்பமும் போடுவோம். 1951-ஐ மறக்க வேண்டாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஞாயிறு தோறும் சங்கத்தில் ஆள் இருப்போம்.

இரண்டாவது, தனியாக நிற்கக் கூடாது. நம் கோரிக்கையே பக்கத்துச் சந்தில் இருக்கும் மராத்திக்காரருக்கும், உத்தரப்பிரதேசத்து முஸ்லிமுக்கும், குயவர் வீட்டுக்கும் உண்டு. தமிழருக்கு மட்டும் என்று கேட்டால் தமிழரை மட்டும் ஒதுக்குவது சுலபம்.

மூன்றாவதைச் சொல்ல எங்களுக்கே கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. 1966-ல் சிவசேனை தொடங்கியபோது முதல் குறி நாம்தான். நம்மவர் கடைகளும் ஹோட்டல்களும் உடைந்ததைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2008-ல் அடி வாங்கியவர்கள் வடநாட்டு டாக்ஸிக்காரர்களும் கூலிக்காரர்களும். அன்று நம்மில் சிலர், அப்பாடா, இந்த முறை நாம் இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டோம். இன்று ஊருக்குப் போனால், திருப்பூரிலும் சென்னையிலும் வேலைக்கு வந்திருக்கிற பீகார்ப் பிள்ளைகளையும் ஒடிசாப் பிள்ளைகளையும் நம் சொந்தக்காரர்களே 'வடக்கன்' என்று இளக்காரமாகச் சொல்வதைக் கேட்கிறோம். கூலியைக் குறைத்தவன் அவன்தான் என்கிறார்கள். கூலியைக் குறைத்தவர் முதலாளி. அந்தப் பையன் நம் தாத்தாவைப் போல ஒரு மேஸ்திரியின் கணக்கில் ஏறி வந்தவன். அவனிடம், நீ எங்கேயிருந்து வந்தாய் என்று நாம் கேட்கிற நாளில், நம்மிடம் அதைக் கேட்கிறவர்கள் சரி என்று ஒப்புக்கொண்டவர்களாகிறோம்.

ஆகவே அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். வீட்டில் சிலோன் தாத்தாவின் கடிதமோ, பாஸ்போர்ட்டோ, போட்டோவோ இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுவோம். கேள்வி கேட்ட அந்த அம்மாவும் வந்திருக்கிறார். அவருடைய போட்டோ பாஸில் பெயர் தப்பாக இருக்கிறதாம். கூட்டம் முடிந்ததும் அதற்கான மனுவை எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகப் போகிறோம்.